எந்த வகை, எதனோடு சேர்ந்து?
ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளின் இரத்த ஒட்டுண்ணிகள் குறித்த சொற்பொழிவு

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், மஞ்சிமப் என்னும் ஊரை ஒட்டிய ஜாரா மரக் காடுகளில், வொய்லி என்றொரு சிறு விலங்கு வாழ்கிறது. கங்காருவுக்குத் தூரத்து உறவு, ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை, இரவில் நடமாடும். மண்ணுக்கடியில் விளையும் காளான்களைத் தோண்டித் தின்று, அவற்றின் வித்துகளைக் காடெங்கும் பரப்புகிறது. ஒரு காலத்தில் அக்கண்டத்தின் தென்பகுதி முழுவதும் பரவியிருந்த இந்த விலங்கை, ஐரோப்பியர் கொண்டுவந்த செந்நரியும் பூனையும் காடழிப்பும் சேர்ந்து சில துண்டு நிலங்களுக்குள் ஒதுக்கிவிட்டன. பிறகு மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1080 என்ற நச்சைத் தூண்டில் இரையில் வைத்து நரிகளைக் கொன்றது. அந்த நச்சு அங்குள்ள காஸ்ட்ரோலோபியம் செடிகளிலேயே இயற்கையாக இருப்பதால் உள்ளூர் விலங்குகள் அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த நரி தாங்காது. உத்தி பலித்தது. வொய்லிகள் பெருகின. 1996-இல் அழிவின் விளிம்பில் இருப்பனவற்றின் பட்டியலிலிருந்து வொய்லியின் பெயரே நீக்கப்பட்டது. ஆனால் 1999-க்கும் 2006-க்கும் இடையில் அந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 90 விழுக்காடு காணாமல் போயிற்று.

இவ்வளவு வேகமான சரிவுக்குக் காரணம் தேடியவர்கள் முதலில் பூனையைப் பார்த்தார்கள், நரியைப் பார்த்தார்கள். அது நியாயம்தான். ஆனால் பிடித்துப் பரிசோதித்த விலங்குகளின் இரத்தத்தில் டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி அடிக்கடி தென்பட்டது. உடனே எழுந்த கேள்வி, "இந்த ஒட்டுண்ணி வொய்லியைக் கொல்கிறதா?" என்பது. கேள்வி எளிமையாக இருக்கிறது. தவறாகவும் இருக்கிறது என்பதுதான் இன்று நான் முன்வைக்கும் வாதம். "இந்த ஒட்டுண்ணி" என்று ஒருமையில் சுட்டத்தக்க ஒன்று அங்கே இல்லை. பல இனங்கள், ஒவ்வோர் இனத்துக்குள்ளும் பல மரபணு வகைகள், ஒரே விலங்கின் உடலில் அவற்றுள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்த கலவைகள். எந்த வகை, எதனோடு சேர்ந்து, எந்த உறுப்பில் என்று கேட்காதவரை, ஒட்டுண்ணி குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, அது குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது.

இந்தத் தவறான கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் தொடக்கம் நம் துணைக்கண்டத்திலேயே இருக்கிறது. 1878-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவர் எலிகளின் இரத்தத்தில் நெளிந்தோடும் நுண்ணுயிரைக் கண்டார். 1880-இல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் மாய்த்துக்கொண்டிருந்த சர்ரா நோய்க்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிரே காரணம் என்று கிரிஃபித் இவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் காட்டினார். முதலாவது லூயிசி என்றும் இரண்டாவது இவான்சி என்றும் பெயர் பெற்றன. 1909-இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தது குரூசி. மூன்று கண்டுபிடிப்புகளுக்கும் கருவி ஒன்றே: நுண்ணோக்கி. கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு துளி இரத்தத்தில் தெரியும் உருவத்தின் நீளம், அகலம், சவுக்கிழையின் அமைப்பு ஆகியவற்றை வைத்தும், எந்த விலங்கில் கிடைத்தது என்பதை வைத்தும் இனம் பிரித்தார்கள். 1959-இல் ஜோசபின் மக்கெராஸ் ஆஸ்திரேலியப் பாலூட்டிகளின் இரத்த ஒட்டுண்ணிகளைத் தொகுத்தபோதும் இதே முறைதான். அவர் காலத்தில் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. ஆனால் மனிதனையும் மாட்டையும் தாக்குவன ஆபத்தானவை, காட்டு விலங்கின் இரத்தத்தில் இருப்பன தீங்கற்றவை என்ற ஒரு பாகுபாடும் அதோடு சேர்ந்து வேரூன்றிவிட்டது. அதை யாரும் நிரூபிக்கவில்லை. பார்க்கப் போதிய காரணம் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மரபணு வரிசையைப் படிக்கும் முறை வந்தபின் காட்சி மாறியது. டிரிப்பனோசோம்களை இனங்காண இரண்டு மரபணுக்கள் பெரிதும் பயன்படுகின்றன: ரைபோசோமின் ஒரு கூறைக் குறிக்கும் 18எஸ் மரபணு ஒன்று, சர்க்கரையைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் குறிக்கும் ஜிஏபிடிஹெச் மரபணு மற்றொன்று. இவற்றின் துணையோடு 2009-இல் கில்பர்ட் போட்டரூ என்ற மிக அரிய விலங்கிலிருந்தும் குவாக்கா என்ற சிறு பைப்பாலூட்டியிலிருந்தும் கோப்மானி என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. அதே ஆண்டில் கோவாலாவின் இரத்தத்தில் கிடைத்த ஒன்றுக்கு, தொலைக்காட்சியில் முதலைகளோடு உலகம் பார்த்த ஸ்டீவ் இர்வினின் நினைவாக இர்வினி என்று பெயரிட்டார்கள். (ஒட்டுண்ணிக்குத் தம் பெயர் வைக்கப்படுவதைப் பெருமையாகக் கொள்ளும் கூட்டம் உயிரியலாளர் கூட்டம் ஒன்றுதான்.) 2011-இல் கோவாலாவிலேயே கில்லெட்டி; 2013-இல் வொய்லியில், அளவில் மிகச் சிறியதான வெக்ராண்டிஸ்; 2016-இல் நொயேசி. பத்தாண்டுக்குள் பைப்பாலூட்டிகளின் இரத்தத்திலிருந்து ஐந்து புதிய பெயர்கள். நுண்ணோக்கியில் ஒரு சாயலாகத் தெரிந்தவை மரபணுவில் வெகுதூரம் விலகி நின்றன.

பெயர்கள் கூடுவதால் மட்டும் அறிவு கூடிவிடாது. ஆகவே 2013-இல் வெளியான ஓர் ஆய்வைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 10 இனப் பைப்பாலூட்டிகளைச் சேர்ந்த 554 உயிருள்ள விலங்குகளின் இரத்தமும், நோயுற்றதால் கருணைக்கொலை செய்யப்பட்ட அல்லது சாலையில் அடிபட்டு இறந்த 50 விலங்குகளிலிருந்து எடுத்த 250 திசு மாதிரிகளும் பி.சி.ஆர். முறையில் சோதிக்கப்பட்டன. இரத்தத்தில் 67 விழுக்காடும் திசுக்களில் 60 விழுக்காடும் டிரிப்பனோசோம் இருப்பதைக் காட்டின. கிடைத்தவை எட்டு மரபணு வகைகள். அவை மூன்று கிளைகளாகப் பிரிந்தன. கோப்மானியைக் கொண்டது முதற்கிளை. கில்லெட்டிக்கு நெருக்கமான, பின்னர் வெக்ராண்டிஸ் எனப் பெயர் பெற்றது இரண்டாம் கிளை. நொயேசி எனப் பின்னர் அறியப்பட்டது மூன்றாவது. இதுவரை வெறும் வகைப்பாடுதான். அடுத்து வருவதுதான் முக்கியம். சரிந்துகொண்டிருந்த வொய்லிக் கூட்டத்தையும் நிலையாக இருந்த வொய்லிக் கூட்டத்தையும் ஒப்பிட்டபோது, சரிந்த கூட்டத்தில் கோப்மானிக் கிளை 96 விழுக்காடு. நிலையான கூட்டத்தில் வெக்ராண்டிஸ் கிளை 89 விழுக்காடு. ஒரே விலங்கில் பல வகைகள் கலந்திருப்பது சரிந்த கூட்டத்தில் சாதாரணம். மற்றதில் அப்படி இல்லை. "வொய்லியின் இரத்தத்தில் டிரிப்பனோசோம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டு கூட்டங்களுக்கும் "இருக்கிறது" என்ற ஒரே விடைதான் கிடைத்திருக்கும். ஆய்வும் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த ஆய்வு இன்னோர் அடி எடுத்து வைத்தது. கோப்மானிக் கிளை தொற்றிய விலங்குகளின் திசுக்களை வெட்டிப் பார்த்தபோது இதயம், உணவுக்குழாய், நாக்கு ஆகியவற்றில் கடும் அழற்சியும் திசுச் சிதைவும் காணப்பட்டன. இதயம், உணவுக்குழாய் என்ற சொற்களைக் கேட்டதும் மருத்துவம் படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சாகஸ் நோயின் நாட்பட்ட கட்டத்தில் குரூசி சிதைப்பதும் இதயத்தையும் உணவுக்குழாயையும் பெருங்குடலையும்தான். குரூசியின் முக்கியப் பண்பு அது இரத்தத்தில் நீந்துவதோடு நில்லாமல் செல்லுக்குள் புகுந்து பெருகும் என்பது. கோப்மானிக் கிளையின் ஒரு மரபணு வகை, ஆய்வகத்தில் வளர்த்த செல்களுக்குள் அதேபோல் புகுந்ததை இந்த ஆய்வு முதன்முறையாகக் காட்டியது. புகுந்தது அந்தக் கிளையின் ஒரு வகை என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். இனப்பெயரோடு நின்றிருந்தால் இந்தத் திறன் யாருடையது என்று தெரிந்திருக்காது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு கடுமையானது. நானே எதிர்த்தரப்பில் இருந்தால் இதைத்தான் முதலில் எடுப்பேன். நிலையான வொய்லிக் கூட்டம் என்று சொல்லப்பட்டது பெர்த் நகருக்கு அருகிலுள்ள கராகாமியா சரணாலயத்தில் இருப்பது. அங்கே சுற்றிலும் வேலி. பூனையும் நரியும் உள்ளே வர முடியாது. சரிந்த கூட்டம் வேலியற்ற காட்டில் இருந்தது. அப்படியானால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒட்டுண்ணி வகையா, பூனையா? இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது. மேலும், ஆய்வாளர்கள் இரத்தம் சேகரிக்கத் தொடங்கியபோது சரிவின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. சரிவுக்கு முந்தைய வொய்லியின் இரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒப்பிட எதுவும் இல்லை. அந்தத் துறையினரே இதை மறைக்கவில்லை. ஒட்டுண்ணியின் காலப்போக்கையும் பரவலையும் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே, நோயால் நேர்ந்த சரிவு என்று முடிவுகட்டுவதற்கு எதிரான எச்சரிக்கை என்று எழுதிவிட்டார்கள். பாராட்டத்தக்க நேர்மை அது.

ஆனால் இந்த மறுப்பு எதைத் தகர்க்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். "ஒட்டுண்ணி மட்டுமே கொன்றது" என்ற கூற்றைத் தகர்க்கிறது. அந்தக் கூற்றை நான் முன்வைக்கவில்லை. பூனையும் ஒட்டுண்ணியும் ஒன்றுக்கொன்று மாற்றான விடைகள் என்று கொள்வதுதான் பிழை. இதயத் தசையில் அழற்சி கண்ட ஒரு வொய்லி, ஓட வேண்டிய கணத்தில் அரை நொடி தாமதித்தால் போதும்; பூனையின் வாயில் இறந்தது என்று பதிவாகும். சரிவை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களும் வேட்டையாடும் விலங்குகளும் நோயும் கூடிச் செயல்பட்டிருக்கலாம் என்ற கருத்தைத் தொடர்ந்து முன்வைத்திருக்கிறார்கள். இதைச் சோதிக்க வேண்டுமானால், பூனை பிடித்த விலங்குகளின் இதயத்தில் எந்த மரபணு வகை இருந்தது, தப்பிப் பிழைத்தவற்றில் எது இருந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கும் வகை பிரித்தறிதல்தான் தேவைப்படுகிறது. ஆக இந்த மறுப்பு என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. வகை பிரிக்காமல் தீர்க்க முடியாத ஒரு கேள்வியைத்தான் எழுப்புகிறது.

இரண்டாவது மறுப்பு பழையது: காட்டு விலங்குகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பது இயல்பு, பெரும்பாலும் அவை சேர்ந்தே வாழப் பழகியவை. இதில் உண்மை நிறைய உண்டு. வொய்லியின் சிவப்பணுக்களில் தைலீரியா என்ற இன்னோர் ஒட்டுண்ணி மிகப் பெரும்பாலான விலங்குகளில் காணப்படுகிறது. அதனால் குறிப்பிடத்தக்க தீங்கு நேர்வதாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் பைப்பாலூட்டியான ஒப்போசம், குரூசியின் பழமையான வீடு. அதன் ஆசனவாயை ஒட்டிய மணச்சுரப்பியில்கூட அந்த ஒட்டுண்ணி தங்கிப் பெருகும். ஒப்போசம் பெரிய நோயின்றி நடமாடிக்கொண்டிருக்கும். ஆனால் அதே குரூசி மனிதரில் ஏறத்தாழ 70 லட்சம் பேரைப் பீடித்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. தீங்கற்ற தன்மை ஒட்டுண்ணியின் நிரந்தரக் குணம் அன்று. ஒரு குறிப்பிட்ட வகைக்கும் ஒரு குறிப்பிட்ட விலங்குக்கும் இடையே நெடுங்காலத்தில் ஏற்பட்ட உறவு அது. வகை மாறினாலும் விலங்கு மாறினாலும் உறவு மாறிவிடும்.

அப்படி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு சான்று. அத்தீவுக்கே உரிய மக்லியர் எலி 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே திரளாக இருந்தது. 1899-இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பலின் வழியே கருப்பெலிகள் வந்திறங்கின. அடுத்த சில ஆண்டுகளில் தீவின் சொந்த எலிகள் தடுமாறித் திரிந்து மடிந்து, 20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டு முடிவதற்குள் முற்றாக அற்றுப்போயின. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2008-இல், அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த அந்த எலிகளின் தோலிலிருந்து பழைய டி.என்.ஏ.வை எடுத்துப் படித்தார்கள். கருப்பெலி வருவதற்கு முன் சேகரித்தவற்றில் டிரிப்பனோசோம் இல்லை. வந்தபின் சேகரித்தவற்றில் இருந்தது. அது லூயிசி. கல்கத்தா எலிகளில் லூயிஸ் பார்த்தபோது பெரிய தீங்கு செய்யாததாகத் தோன்றிய அதே ஒட்டுண்ணி, அதற்கு முன்பின் பழகாத எலிகளிடம் வந்து சேர்ந்தபோது ஓர் இனத்தின் அழிவோடு காலத்தால் ஒட்டி நிற்கிறது. எலி பைப்பாலூட்டி அன்று. ஆயினும் தனித்து வாழ்ந்து பழகிய விலங்குகளுக்குப் புது ஒட்டுண்ணி வகை என்ன செய்யக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு குறைவு. வொய்லிக்குக் கிடைக்காத 'சரிவுக்கு முந்தைய மாதிரி' இங்கே தற்செயலாகக் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். அருங்காட்சியகத்தில் யாரோ ஒரு தோலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததன் பயன் அது.

மூன்றாவது மறுப்பு ஆய்வகத்தின் உள்ளிருந்தே வருகிறது. 18எஸ் மரபணுவில் சில எழுத்துகள் வேறுபட்டால் வேறு வகை என்கிறீர்கள். அந்த எழுத்துகளுக்கும் நோய் உண்டாக்கும் திறனுக்கும் என்ன தொடர்பு? பிரித்துக்கொண்டே போவது ஆய்வாளரின் ஆசை, இயற்கையின் உண்மை அன்று என்பார்கள். 18எஸ் மரபணு நோயை உண்டாக்குவதில்லை என்பது சரி. அது ஓர் அடையாள அட்டை மட்டுமே. ஆனால் அடையாள அட்டை வேறாக இருப்பவை பல நேரங்களில் நடத்தையிலும் வேறாக இருக்கின்றன என்பதை மனித நோய்களே காட்டியிருக்கின்றன. ஆப்பிரிக்காவின் டிரிப்பனோசோமான புரூசியை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடைகளைத் தாக்கும் அதன் துணையினம் ஒன்றை மனித இரத்தத்தில் இட்டால், நம் சீரத்திலுள்ள ஏபிஓஎல்1 என்ற புரதம் அதைச் சிதைத்துவிடும். ரொடீசியன்ஸ் என்ற துணையினத்தை அது ஒன்றும் செய்யாது. அது உறக்க நோயைத் தரும். இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்தால் எந்த வல்லுநராலும் பிரிக்க இயலாது. வேறுபாடு எஸ்ஆர்ஏ என்ற ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது. அதை எடுத்து மற்றதில் புகுத்தினால் அதுவும் மனிதச் சீரத்தைத் தாங்கும் என்று சோதித்தே காட்டினார்கள். குரூசியிலோ, ஆறு பெரும் வகைகளும் வௌவாலில் கண்ட ஒன்றும் இன்று ஏற்கப்பட்டுள்ளன. பெருங்குடலும் உணவுக்குழாயும் வீங்கிப் பெருக்கும் வடிவம் இரண்டு, ஐந்து, ஆறு என்ற வகைகள் மிகுந்த தென்னமெரிக்காவின் தென்பகுதி நாடுகளில் அதிகம். முதல் வகை மிகுந்த, அமேசானுக்கு வடக்கேயுள்ள நாடுகளில் அரிது. மனிதரின் பரம்பரையும் வாழ்நிலையும் இதில் கலந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் குரூசி என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. மனித நோயில் ஏற்றுக்கொண்ட ஒரு நியாயத்தைக் காட்டு விலங்கின் நோய்க்கு மட்டும் மறுப்பது எப்படி?

கலவையைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் நம் கருவிகள் நம்மை ஏமாற்றியிருக்கின்றன. பழைய வரிசைப்படுத்தும் முறையில் ஓர் இரத்த மாதிரியில் மூன்று வகைகள் இருந்தால், எண்ணிக்கையில் மிகுந்திருப்பது மட்டுமே தெளிவாகப் பதிவாகும்; சந்தைக் கூச்சலில் உரத்த குரல் மட்டும் காதில் விழுவதைப்போல. மற்றவை இல்லாதவை என்றே கணக்கில் ஏறும். ஒரு துண்டு டி.என்.ஏ.வைப் பல்லாயிரம் முறை தனித்தனியாகப் படிக்கும் புதிய தலைமுறை முறைகளைக் கோவாலாக்களிலும் மேற்கு ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளிலும் பயன்படுத்தியபோது, முன்பு நினைத்ததைவிட அதிகமான வகைகளும் அதிகமான கலப்புத் தொற்றும் வெளிப்பட்டன. கிழக்குக் கரைக் கோவாலாவில் இர்வினி, கில்லெட்டியோடு, மேற்கில் வொய்லியில் முதலில் விவரிக்கப்பட்ட வெக்ராண்டிஸும் நொயேசியும்கூடத் தென்பட்டன. இதன் பொருள், பத்தாண்டுக்கு முந்தைய ஆய்வுகளில் 'ஒற்றைத் தொற்று' என்று எழுதப்பட்ட விலங்குகளில் ஒரு பகுதி உண்மையில் ஒற்றைத் தொற்றாக இருந்திருக்காது என்பதே. அவற்றை அடிப்படையாக வைத்து "இந்த இனம் தீங்கற்றது" என்று வந்த முடிவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அதேபோல் "தீங்கானது" என்று வந்த முடிவுகளையும். இது இருபக்கமும் வெட்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பி.சி.ஆர்.-இல் தென்படுவது நோய் அன்று, சில துணுக்கு டி.என்.ஏ. மட்டுமே என்ற கருத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சரிதான். அதனால்தான் திசுவைப் பார்ப்பதும், ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்ப்பதும், செல்லுக்குள் புகுகிறதா என்று சோதிப்பதும் இன்றியமையாதவை ஆகின்றன. இரத்தத்தில் மட்டும் தேடினால் எதிர்த்திசையிலும் ஏமாறுவோம்: குரூசி நாட்பட்ட நோயாளியின் இரத்தத்தில் பல நேரங்களில் அகப்படாது, இதயத் தசையில் ஒளிந்திருக்கும்.

இந்த மரபணுக்கள் வேறொரு நெடுங்கால வழக்கிலும் சாட்சியாக நிற்கின்றன. ஒரு கங்காருவிலிருந்து கிடைத்து ஹெச்25 என்று குறிக்கப்பட்டிருந்த டிரிப்பனோசோம், மரபணு மரத்தில் தென்னமெரிக்கக் குரூசியின் பக்கத்தில் சென்று அமர்ந்தது. நொயேசி என்று 2016-இல் பெயர் பெற்றது இதன் இனமே. தென்னமெரிக்காவும் அன்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றாக இணைந்திருந்த காலத்திலேயே குரூசியின் முன்னோர் பைப்பாலூட்டிகளின் இரத்தத்தில் இருந்திருக்க வேண்டும் என்று 1990-களின் இறுதியில் ஒரு கொள்கை எழுந்தது. கேட்க மிக அழகான கொள்கை. கண்டங்கள் பிரிந்தன, பைப்பாலூட்டிகள் பிரிந்தன, ஒட்டுண்ணிகளும் பிரிந்தன. 2012-இல் அதற்கு எதிராக வேறொன்று வந்தது: இந்தக் கிளையைச் சேர்ந்த பெரும்பாலானவை வௌவால்களில்தான் கிடைக்கின்றன, பறக்கும் வௌவால் கடல் தாண்டும், ஆங்காங்கே தரை விலங்குகளுக்குத் தாவியதே குரூசியும் கங்காருவின் ஹெச்25-உம். இன்று கிடைக்கும் சான்றுகள் வௌவால் பக்கமே அதிகம் சாய்கின்றன என்பது என் மதிப்பீடு. ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவாலிலேயே இக்கிளையைச் சேர்ந்த டெய்ஷெய்ரே என்ற புதிய இனம் பின்னர் கிடைத்ததும் அதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் ஒரே ஒரு கங்காருவில் கண்ட விந்தை என்றிருந்த நொயேசி, வொய்லியிலும் கோவாலாவிலும் வேறு விலங்குகளிலும் தொடர்ந்து கிடைத்து வருவதால், அது நேற்று நடந்த தாவலாக இருக்க முடியாது. பைப்பாலூட்டிகளோடு அதற்கு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒற்றை மாதிரியை வைத்துக் கண்டங்களின் வரலாற்றை எழுதியதும், காட்டு விலங்கின் ஒட்டுண்ணி தீங்கற்றது என்று பொதுவாக எழுதியதும் ஒரே குறைபாட்டின் இரண்டு முகங்கள். இரண்டும் போதிய பன்மையைப் பார்க்காமல் வந்த முடிவுகள்.

"இதெல்லாம் அறிவுக்கு விருந்து, காட்டைக் காப்பவருக்கு இதனால் என்ன பயன்? அந்தப் பணத்தில் இன்னும் நான்கு கிலோமீட்டர் வேலி போடலாமே" என்பது கடைசி மறுப்பு. வேலி வேண்டும். 2010-இல் பெரப் பகுதியில் 400 எக்டேருக்கும் மேற்பட்ட காட்டை வேலியிட்டு வொய்லிகளுக்குப் புகலிடம் அமைத்தது மிகச் சரியான செயல். ஆனால் வேலிக்குள் பெருகிய விலங்குகளை என்றாவது வெளியே கொண்டுபோய் விடத்தானே வேண்டும்? இன்றைய ஆஸ்திரேலியக் காட்டுயிர்க் காப்பில் விலங்குகளை இடம் மாற்றுவது அன்றாடப் பணி. ஒரு வொய்லியைத் தூக்கிச் செல்லும்போது ஒரு தனி விலங்கை மட்டும் நாம் தூக்கிச் செல்வதில்லை. அதன் உண்ணி, குடற்புழு, இரத்தத்தில் நீந்தும் மூன்று வகை டிரிப்பனோசோம் எல்லாம் கூடவே செல்கின்றன. சென்ற இடத்தில் ஏற்கெனவே இருப்பவற்றோடு கலக்கின்றன. இடம் மாற்றப்பட்ட வொய்லிகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, மாற்றத்துக்குப் பிறகு டிரிப்பனோசோம் இனங்களின் எண்ணிக்கையும் கலப்புத் தொற்றும் கூடின என்று கண்டது. சரிந்த கூட்டங்களில் கலப்புத் தொற்று மிகுந்திருந்தது என்பதை இதோடு சேர்த்து வையுங்கள். காப்பதற்காகச் செய்யும் செயலே, நாம் அஞ்ச வேண்டிய அந்தக் கலவையை உண்டாக்கும் கருவியாக மாறக்கூடும். இடம் மாற்றுவதற்கு முன் வழக்கமாகப் புழுமருந்து கொடுத்துவிட்டு எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பதும் போதாது. அந்தப் புழுமருந்தான ஐவர்மெக்டின் டிரிப்பனோசோமுக்கான மருந்து அன்று. இரண்டு இடத்து விலங்குகளின் இரத்தத்தையும் வகை பிரித்துப் படிக்க ஆகும் செலவு, வேலியின் செலவில் மிகச் சிறு பங்கு. இன்று படிக்கப் பணம் இல்லையென்றால், பிடிக்கும் ஒவ்வொரு விலங்கிலிருந்தும் சில துளி இரத்தத்தை உறைநிலையில் சேமித்தாவது வைக்கலாம்.

கரையோரக் காவலுக்கும் இதே நியாயம் பொருந்தும். இவான்ஸ் கண்ட சர்ரா இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றும் கால்நடைகளில் இருக்கிறது. நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய நோய். 1907-இல் இந்தியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லாண்டில் இறக்கப்பட்ட ஒட்டகங்களில் சர்ரா கண்டறியப்பட்டு, அந்த ஒட்டகங்கள் அழிக்கப்பட்டதால் அது அங்கே நிலைகொள்ளவில்லை. பின்னாளில் கங்காரு குடும்பத்து வாலபிகளில் இரண்டு இனங்களுக்கு இவான்சியைச் சோதனையாகத் தொற்றவைத்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அவை இரண்டும் எளிதில் தொற்றுக்கு ஆளாகிக் கடுமையாக நோயுற்றன. ஒருவேளை அது வடக்குக் கரையில் நுழைந்தால், அங்குள்ள வாலபிகளின் இரத்தத்தில் ஏற்கெனவே இயல்பாக நீந்திக்கொண்டிருக்கும் உள்ளூர் டிரிப்பனோசோம்களிலிருந்து அதைப் பிரித்தறிவது எப்படி? நுண்ணோக்கியால் அவ்வளவு எளிதில் இயலாது. உள்ளூர் வகைகளின் மரபணுப் பட்டியல் முன்கூட்டியே கையில் இருந்தால்தான் வந்தேறியை முதல் வாரத்திலேயே இனங்காண முடியும்.

ஒட்டுண்ணிகளை எல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். கோப்மானி முதலில் விவரிக்கப்பட்ட விலங்குகளில் ஒன்றான கில்பர்ட் போட்டரூ, நூறாண்டுக்கும் மேலாக அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1994-இல் ஆல்பனி நகருக்கு அருகே டூ பீப்பிள்ஸ் பே என்ற இடத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. உலகிலேயே மிக அரிய பைப்பாலூட்டி அதுதான் என்பார்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு காட்டுத்தீ போதும் என்று அஞ்சி, 2005 முதல் சிலவற்றை அருகிலுள்ள பால்ட் தீவுக்குக் கொண்டுசென்றார்கள். அச்சம் பொய்யில்லை: 2015-இல் தீ வந்து அதன் பழைய வாழிடத்தின் பெரும்பகுதியை எரித்தது. தீவில் இருந்தவை தப்பின. அந்தத் தீவில் குவாக்காக்களும் வாழ்கின்றன. கோப்மானியைத் தாங்குவதாக 2009-இல் அறியப்பட்ட இரண்டு விலங்கினங்கள், உண்ணிகள் நடமாடும் ஒரே புதர்க்காட்டில் இப்போது சேர்ந்து வாழ்கின்றன. கோப்மானி உயிரோடு நெளிவதை ஆஸ்திரேலிய உண்ணி ஒன்றின் குடலிலேயே பார்த்திருக்கிறார்கள். போட்டரூவின் வகையும் குவாக்காவின் வகையும் அங்கே தனித்தனியாகவே நிற்கின்றனவா, ஒன்று மற்றதன் உடலுக்குள் குடியேறுகிறதா, குடியேறியபின் இரத்தத்தோடு நிற்கிறதா, இதயத் தசைக்குள் இறங்குகிறதா என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் இரத்த மாதிரிகளும், இறந்து கிடக்கும் ஒவ்வொரு விலங்கின் திசுவும் சொல்லிவிடும். போட்டரூக்களின் எடையையும் எண்ணிக்கையையும் கணக்கெடுக்க அங்கே பொறிவைத்துப் பிடிப்பவர்களின் கையில் இன்னும் ஒரு சிறு ஊசியும் சில குப்பிகளும் இருந்தால் போதும்.